துணையாளர் சீட்டு

அங்கே போகாதீர்கள் சார். முன்னால் இரண்டாவது வரிசையில் ஒரு இடம் காலியாக இருக்கிறதே என்றுதானே பார்க்கிறீர்கள்? அது என் இடம். இங்கே உட்காருங்கள். ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். எனக்கு நடைவழிப் பக்கம் இருந்தால்தான் முன்னால் பார்க்க வசதி. பையைக் காலடியில் வையுங்கள். மடியில் வைத்தால் என் விலாவில் இடிக்கிறது.

உன் இடம் என்றால் நீ ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டீர்கள். இப்போதெல்லாம் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை, போனைத் தேய்த்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். நானே சொல்கிறேன். அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக, பச்சைப் புடவையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள். கையில் வெள்ளைக் குச்சி. அவள் என் தங்கை. பெயர் பொற்கொடி. அரசுப் பள்ளிக்கூடத்தில் வரலாறு டீச்சர். பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. என் பெயர் நல்லுசாமி. ஆனால் இந்த வழியில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. டீச்சர் அண்ணன் என்று கேட்டுப்பாருங்கள், ஆற்றுப் பாலத்திலிருந்து வேலாங்காட்டுப் பிரிவு வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

நான் இந்த பஸ்ஸில் ஏறியிருப்பது அவளுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து இருபதடி பின்னாலேயே வந்து, பின்வாசல் வழியாக ஏறிக்கொண்டேன். அதனால்தான் மெதுவாகப் பேசுகிறேன். அவளுக்குப் பாம்புக் காது. ஆனால் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இந்தத் தகர டப்பா போடுகிற சத்தத்தில் அவளுக்கு என்ன கேட்கப்போகிறது?

இருங்கள், கண்டக்டர் வருகிறான். கொஞ்ச நேரம் பேசாதீர்கள்.

பார்த்தீர்களா? நான் வாயைத் திறக்காமல் காசை நீட்டினேன், அவனும் வாயைத் திறக்காமல் வேலாங்காட்டுப் பிரிவுக்குக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். எங்கே இறங்குவேன் என்று அவனுக்குத் தெரியும். அவன் பெயர் ஜெரால்டு. முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அவனால் வந்தது.

இந்த சீட்டு இருக்கிறதே, இதை நான் பதினோரு வருஷமாகக் காசு கொடுத்து வாங்கியதில்லை. உங்களுக்கு இந்த முறை தெரியுமோ என்னவோ. டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள், காசு கிடையாது. கூட வருகிறவருக்குத் துணையாளர் சீட்டு என்று இன்னொன்று, அதற்கும் காசு கிடையாது. காசு கிடக்கட்டும், அதைச் சொல்லவில்லை. துணையாளர் என்று அரசாங்கமே அச்சடித்துக் கொடுக்கிறது பாருங்கள், அதைச் சொல்கிறேன். இன்றைக்கு பஸ் கிளம்பும்போது ஜெரால்டு அவளிடம் போனான். அவள் என்ன கேட்டாள் தெரியுமா? நான் நாலு வரிசை பின்னால் இருந்து கேட்டேன். ‘மகளிர் சீட்டே போதும்’ என்றாள். கீரைக்கட்டு விற்கப் போகிறவர்களுக்கும் காலேஜ் பெண்களுக்கும் கொடுக்கிற சீட்டு. அதை வாங்கினால் துணையாளர் என்று ஒருத்தன் கிடையாது. அவள் பாட்டுக்கு ஒரு பெண்பிள்ளை, பஸ்ஸில் போகிறாள், முடிந்தது. பதினோரு வருஷத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் தள்ளிவிட்டாள்.

பதினோரு வருஷம் சார். காலையில் ஏழு நாற்பது பஸ். முசிறியில் ஏறினால் ஆற்றுப் பாலம், குளித்தலை, ரயில்வே கேட், அப்புறம் வேலாங்காட்டுப் பிரிவு. இறங்கினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். கையைப் பிடித்து ஏற்றுவது நான். இறக்குவது நான். பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, பிரிவில் இருக்கிற டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் சாயங்காலம் நாலே காலுக்குத்தான் எழுந்திருப்பேன். எனக்கென்று ஒரு வேலைக்குப் போகவில்லை. காகித மில்லில் கூப்பிட்டார்கள், போகவில்லை. கூப்பிட்டார்கள் என்றால், மனுப் போட்டிருந்தால் கூப்பிட்டிருப்பார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வருகிறவள் இவளை எப்படி வைத்துக்கொள்வாளோ என்று யோசித்தே காலம் போய்விட்டது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லிக் காட்டுவதில்லை. டீக்கடையில் யாராவது கேட்டால் சொல்வேன். பஸ்ஸில் கேட்டால் சொல்வேன். அவ்வளவுதான்.

பஸ்ஸில் போகிற ஜனங்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? உங்களுக்கு இரண்டு கண் இருக்கிறது, ஏறுகிறீர்கள், உட்காருகிறீர்கள். கண் தெரியாதவளைக் கூட்டிக்கொண்டு ஏறிப்பாருங்கள். அவர்களுக்கென்று எழுதிப் போட்டிருக்கிற இடத்தில் தடித்தடியாக இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு தூங்குவதுபோல நடிப்பார்கள். தட்டி எழுப்பினால், ‘அதான் ஆள் கூட வந்திருக்கல்ல, நின்னுக்கிட்டு வரட்டுமே’ என்பார்கள். பிறவியா, நடுவில் வந்ததா என்று என்னிடம் கேட்பார்கள், அவள் ஏதோ நான் கையில் தூக்கிவந்த மூட்டை மாதிரி. ஒரு அம்மாள் இறங்குகிற அவசரத்தில் இவள் கையைப் பிடித்து ஒரு நாணயத்தை வைத்து மூடிவிட்டுப் போனாள். அரசாங்கப் பள்ளிக்கூடத்து டீச்சர் சார்! நான் விடவில்லை. படிக்கட்டு வரைக்கும் துரத்திக்கொண்டு போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அந்த அம்மாள் அழுதுவிட்டாள். பொற்கொடி என்ன சொன்னாள் தெரியுமா? ‘அவங்க குடுத்தது பரவால்ல அண்ணே, நீ போட்ட சத்தத்துலதான் எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்திருப்பாங்க’ என்றாள். இப்படித்தான். நன்றி கிடையாது.

டிரைவர்கள் அதற்கு மேல். கண் தெரியாத ஒருத்தர் நிற்பது கண்ணில் பட்டால் போதும், நிறுத்தத்தைத் தாண்டி முப்பதடி தள்ளி நிறுத்துவார்கள். கூட்டிக்கொண்டு ஓடுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். இந்த வழியில் என்னிடம் திட்டு வாங்காத டிரைவர் கிடையாது. வண்டி நம்பர், நேரம், எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு டிரைவர் டீக்கடையில் சொன்னானாம், ‘டீச்சருக்காக நிக்கலாம்யா. கூட ஒரு ஆளு ஏறி குளித்தலை வரைக்கும் கத்திக்கிட்டு வருவானே, அதுக்காகத்தான் நிக்கிறதில்ல’ என்று. திமிரைப் பார்த்தீர்களா?

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? சரி, இருமினீர்கள். இருமுங்கள்.

பள்ளிக்கூடம் மட்டும் என்ன வாழ்கிறது? முதல் இரண்டு வருஷம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நிற்பேன். டீச்சருக்குக் கண் தெரியாது என்றால் பிள்ளைகள் என்ன ஆட்டம் போடும்? எவனாவது வாலாட்டினால் வெளியிலிருந்தே பெயர் சொல்லி அதட்டுவேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் என்னைக் கூப்பிட்டு, இனி கேட்டுக்கு உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யார் போய் அவர்களிடம் சொன்னது என்று இன்று வரைக்கும் தெரியவில்லை. யாரோ ஒரு வாத்தியாராகத்தான் இருக்கும். என் மேல் பொறாமை.

ம், பாலத்தில் ஏறிவிட்டோம். இந்தத் தடக் தடக் சத்தம் கேட்கிறதே, பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்குகிறது. நானும் இதை பஸ்ஸின் குறை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைப் பற்றியும் ஒரு கதை இருக்கிறது, சொல்கிறேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் இவன் வந்தான், இந்த ஜெரால்டு. முப்பது வயசு இருக்கும். நேராக வந்து, ‘எங்க இறங்கணும் டீச்சர்?’ என்று அவளைப் பார்த்துக் கேட்டான். பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வேலாங்காட்டுப் பிரிவு என்று நான் சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. ‘டீச்சர், உங்களத்தான் கேட்டேன்’ என்றான். அவள், ‘வேலாங்காட்டுப் பிரிவு’ என்றாள். நான் சொன்னதையேதான் அவளும் சொன்னாள்! அதற்கு எதற்கு சார் தனியாக ஒரு கேள்வி?

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. காலை வணக்கம் சொல்வான். படிக்கட்டு இன்றைக்குக் கொஞ்சம் உயரம், வேறு வண்டி கொடுத்திருக்கிறார்கள் என்பான். ஒவ்வொரு நிறுத்தத்தையும் சத்தமாகச் சொல்வான். ஒருநாள் கேட்கிறான், பஸ் எங்கே வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று. இவள் சொல்கிறாள் சார். பாலத்தில் இணைப்பு இணைப்பாக எண்ணுவாளாம். கடைசி இணைப்பு மட்டும் சேர்ந்தாற்போல இரண்டு தடவை அடிக்குமாம், அப்போது கரை வந்துவிட்டது என்று அர்த்தமாம். கேட் தாண்டினால் மரக்கடையில் அறுத்த மரத்தின் வாசனை. அப்புறம் இடது பக்கமாக ஒரு வளைவு. வளைவிலிருந்து எண்பது எண்ணினால் பிரிவு. சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவனும் எழுத்துப் பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

பதினோரு வருஷமாக நான் பக்கத்தில் உட்கார்ந்து, ‘கொடி, பாலம் வந்திருச்சு. கொடி, கேட் வந்திருச்சு’ என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ‘ம்’ என்பாள். ஒருநாளாவது எனக்குத் தெரியும் என்று சொல்லியிருப்பாளா? யாரோ ஒரு கண்டக்டரிடம் சொல்கிறாள்.

அவள் சிரித்தால் உனக்கு என்ன என்று உங்கள் முகம் கேட்கிறது. சிரிக்கட்டும். வீட்டில் சிரிக்கட்டும். பஸ்ஸில் நாலு பேர் பார்க்கச் சிரித்தால், கண் தெரியாத பெண்ணைப் பற்றி நாளைக்கு என்ன பேசுவார்கள்? அவளுக்கு அது தெரியாது. பார்க்கிறவனுக்குத்தானே தெரியும்?

தனியாக விட்டால் என்ன ஆகும் என்று ஒருதடவை பார்த்தாகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம். அதே பிரிவில் ஒருத்தன் பஸ்ஸைத் தள்ளி நிறுத்திவிட்டான். தனியாக இறங்கினாள். காலை வைத்த இடத்தில் தரை இல்லை. சாக்கடை. புருவத்தில் ஏழு தையல். இப்போதும் வடு இருக்கிறது, திரும்பினால் தெரியும். ரத்தமும் சேறுமாக அவளை நான் தூக்கிக்கொண்டு போனதை இந்த ரோட்டில் எல்லோரும் பார்த்தார்கள். பக்கத்தில் ஒருத்தர் இருந்திருந்தால் நடந்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் கேட்கிறேன்.

கேட் போட்டுவிட்டான். இனி ரயில் போகிற வரைக்கும் இங்கேதான். நல்லதாயிற்று, மிச்சத்தையும் சொல்லிவிடலாம்.

ஆகஸ்டில் டிப்போவுக்கு ஒரு மனு எழுதினேன். அவள் பெயரில்தான். அண்ணன் எழுதினால் யார் படிக்கிறார்கள்? பார்வையற்ற ஆசிரியை என்று மேலே போட்டால் எழுந்து நின்று படிப்பார்கள். அவளுடைய மனுவெல்லாம் எப்போதும் நான் எழுதுவதுதான். கையெழுத்தும் நான்தான் போடுவேன். அவளுக்குப் போடத் தெரியும், ஆனால் கோணல்மாணலாக வரும், பார்க்க நன்றாக இருக்காது.

என்ன எழுதினேன் என்று இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். ‘நான் சீட்டு கேட்டபோது நடத்துநர் என்னை மேலும் கீழும் ஏளனமாகப் பார்த்தார். கண்ணாடி வழியாக ஓட்டுநரிடம் கண்ஜாடை காட்டிச் சிரித்தார். அப்போது அவருடைய முகம் போன போக்கு என் மனத்தைப் புண்படுத்தியது.’ நல்ல தமிழ் சார். நடந்ததா என்று கேட்டால், நடந்தது. என்னைப் பார்த்துத்தான் நடந்தது, அது வேறு. யாரைப் பார்த்தால் என்ன? நான் அங்கே அவளுக்காகத்தானே உட்கார்ந்திருந்தேன்?

மனு வேலை செய்தது. பதினைந்து நாள் ஜெரால்டை வண்டியில் ஏற்றாமல் டிப்போவிலேயே உட்காரவைத்தார்கள். அந்தப் பதினைந்து நாளும் பஸ்ஸில் பழைய மாதிரி நிம்மதியாக இருந்தது. பொற்கொடி மட்டும் தினமும் ஏறியதும், ‘அவரு ஏன் வரல?’ என்று புதுக் கண்டக்டரிடம் கேட்பாள். அவர் லீவு என்று நான் சொல்வேன்.

பதினாறாவது நாள் டிப்போவிலிருந்து விசாரணைக்கு ஒரு அதிகாரி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. மனுவைப் படித்துவிட்டு ஒரு எச்சரிக்கை கொடுத்து முடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த ஆள் ஒழுங்காக வேலை செய்கிற ரகம் போலிருக்கிறது, நமக்கென்று வந்து வாய்த்தார். ஜெரால்டையும் கூட்டிவந்திருந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமில் பொற்கொடியை உட்காரவைத்து, அவளுக்குப் படிக்க முடியாதே என்று மனுவை முழுக்க வாசித்துக் காட்டினார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அன்றைக்கு மட்டும் கேட்டில் வாட்ச்மேன் இல்லை.

அவள் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, அந்த மேலும் கீழும் பார்த்ததை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். கண்ஜாடையையும் படிக்கச் சொன்னாள். படித்தார். அப்புறம் சொன்னாள்: ‘இத எழுதினவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுது சார்.’

அதிகாரி சிரித்துவிட்டார். ஹெட்மிஸ்ட்ரஸும் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்தாற்போலச் சிரிப்பை நிறுத்தினார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. அவள் ஒரு பேனா கேட்டு வாங்கி, வெள்ளைத்தாளில் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். கோணல்மாணலாகத்தான். இதுதான் என் கையெழுத்து, இந்த மனு நான் கொடுத்ததில்லை, இந்தத் தம்பி மேல் ஒரு குறையும் இல்லை என்றாள். யார் எழுதினார்கள் என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லவில்லை. நான் டீக்கடைக்குப் போய்விட்டேன்.

எனக்குப் புரியவில்லை சார். அவளால் பார்க்க முடியாது, அதனால் அவளுக்காக நான் பார்த்தேன். பார்த்ததை எழுதினேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

வீட்டில் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். சண்டை போட்டால் நானும் நாலு வார்த்தை சொல்வேன், ஆறிப்போகும். மூன்று நாள் பேசவே இல்லை. காலையில் எழுந்து சமைத்தாள், எனக்கும் தட்டில் போட்டு வைத்தாள், பேசவில்லை. பஸ்ஸில் கையைப் பிடித்தால் கட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. நான்காம் நாள் ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலே பழைய பாய்க்கு அடியிலிருந்து இந்தக் குச்சியை எடுத்தாள். காலேஜில் படித்தபோது பயிற்சி கொடுத்து வாங்கித் தந்த குச்சி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்தான் அதை அங்கே போட்டேன். குச்சியைத் தட்டிக்கொண்டு ரோட்டில் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இவளுக்கு அண்ணன் இல்லை என்று நினைப்பார்கள். அது அங்கே இருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் எனக்கு ஆச்சரியம். தொலைந்துவிட்டது என்றுதான் சொல்லியிருந்தேன்.

தூசியைத் துடைத்தாள். மடக்கி விரித்துப் பார்த்தாள். ‘திங்கக்கெழமையிலேர்ந்து நான் தனியாப் போய்க்கிறேன் அண்ணே. நீ வீட்டுல இரு’ என்றாள். கோபமாகக்கூட இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி.

வீட்டில் இருந்து என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள். காலையில் ஏழு நாற்பதுக்கு ஒரு மனுஷன் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வான்?

ரயில் போய்விட்டது. கிளம்புகிறான். இன்னும் பத்து நிமிஷம்தான்.

இன்றைக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை. நான் ஒன்றும் தடுக்க வரவில்லை. பார்க்க வந்திருக்கிறேன். அவள் விழவேண்டும் என்று நினைப்பேனா சார், கூடப் பிறந்தவன்? விழவேண்டாம். ஒரு தடுமாற்றம். படியில் கால் வைக்கும்போது ஒரு சின்னத் தயக்கம், ஒரு கை காற்றில் துழாவ வேண்டும், அவ்வளவுதான். நான் பின்வாசலில் இறங்கி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டமாட்டேன். நாளையிலிருந்து எல்லாம் பழைய மாதிரி ஆகிவிடும். அது மட்டும் நடக்கவில்லை என்றால், நாளைக்கு எனக்கு இந்த பஸ்ஸில் வேலை இல்லை.

மரக்கடை தாண்டிவிட்டோம். வளைவு. இனிப் பேசாதீர்கள். உதடு அசைகிறது பாருங்கள், எண்ண ஆரம்பித்துவிட்டாள். நானும் எண்ணிப் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் எண்ணியதில்லை.

எழுந்துவிட்டாள். அவன் இன்னும் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லவே இல்லை, அதற்குள் எழுந்துவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்துகிறான். தள்ளி நிறுத்துகிறான் சார், அதே சாக்கடைப் பக்கம், படுபாவி. இருங்கள், நான் இறங்கவேண்டும்.

*

கேட்டீர்கள்தானே? நீங்களும் கேட்டீர்கள்தானே? எல்லோரும் கேட்டார்கள்.

நான் எழுந்து ஒரு அடிதான் வைத்தேன். அங்கே படியில் நின்றுகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், ‘அண்ணே, உக்காரு’ என்கிறாள். முசிறியிலிருந்து நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறாளாம். ‘பஸ்ஸே கேட்டுக்கிட்டு வருது’ என்றாளே, முன்னால் கூடையோடு உட்கார்ந்திருக்கிற அந்தக் கீரைக்காரி எப்படிச் சிரித்தாள் பார்த்தீர்களா? நான் என்ன சத்தமாகவா பேசினேன்? நீங்கள்தான் சொல்லவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?

‘நீ இறங்கினா நான் இறங்கல.’ எப்படிச் சொல்கிறாள்! டிரைவர் ஹார்னை அடிக்கிறான். ஜெரால்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்கிறான், ஏதோ கோவிலில் நிற்கிற மாதிரி. பின்னால் ஒருத்தன், ‘யோவ் உக்காருய்யா, ஆஸ்பத்திரிக்கு நேரமாவுது’ என்கிறான். அவள் அசையவில்லை. ஒரு கால் மேல் படியில், ஒரு கால் கீழ்ப் படியில். எவ்வளவு நேரம் இருக்கும்? உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகாவது இறங்கிப் போயிருக்கலாம். உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமா? நீங்கள் யார், அவள் யார்? ‘கத கேட்டுக்கிட்டு வர்றவரே, அந்தச் சாக்கடைய மட்டும் சரியாத் தெரிஞ்சுக்கங்க. அன்னிக்கு நான் தனியா வரல. எங்கண்ணனும்தான் கூட வந்தாரு. எனக்கு முன்னாடி எறங்கி டிரைவருகிட்ட சண்டைக்குப் போயிட்டாரு. அவரு நிக்கிறாருன்னு நெனச்சு நான் கைய நீட்டிக்கிட்டே கால வச்சேன்.’

இதுதான் அவள் சொன்னது. ஒரு எழுத்து மாற்றவில்லை.

முதலில் இதைச் சொல்லுங்கள். நீங்கள் ஜன்னல் பக்கம் இருந்தீர்கள். எனக்குக் கூட்டம் மறைத்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. இறங்கிவிட்டாளா? தடுமாறினாளா? குச்சியால் தட்டிப் பார்த்தாளா? எத்தனை தடவை தட்டினாள்? சாக்கடையைத் தாண்டிவிட்டாளா, யாராவது கை கொடுத்தார்களா? யாரும் கொடுக்கவில்லையா? நன்றாகப் பார்த்தீர்களா? ரோட்டைத் தாண்டும்போது லாரி ஏதாவது வந்ததா? நின்றதா? லாரி நின்றதா!

கேட்டுக்குள் போய்விட்டாளா?

சரி.

அன்றைக்கு நான் டிரைவரிடம் போனதே அவளுக்காகத்தான். தள்ளி நிறுத்தினால் கேட்க வேண்டாமா? அவன் தெனாவட்டாகப் பதில் சொன்னான். இரண்டு நிமிஷம், அதற்குள் அவள் இறங்குவாள் என்று யார் கண்டது? பக்கத்தில் இருந்தேன் என்றால் எவ்வளவு பக்கத்தில்? பத்தடி. பத்தடி தள்ளி இருந்தால் தனியாக இறங்கினாள் என்றுதானே அர்த்தம்? ஆஸ்பத்திரியில் கேட்டபோது அப்படித்தான் சொன்னேன். அவளும் கூடத்தான் இருந்தாள், மறுத்துப் பேசவில்லை. மூன்று வருஷமாக எல்லோரிடமும் சொல்கிறேன், ஒருநாளும் மறுக்கவில்லை.

கையை நீட்டினாள் என்று எனக்குத் தெரியாது. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். உங்கள் போனைப் பாருங்கள்.

இது என்ன, ஏதோ கால்வாய் ஓரமாகப் போகிறான்? இந்தக் கோயில் என்ன கோயில்? ரோடு இவ்வளவு குறுகலாக இருக்கிறது. அந்தப் பிரிவைத் தாண்டி நான் வந்ததே இல்லை. எதற்கு வரவேண்டும்? எனக்கு இந்தப் பக்கம் யாரைத் தெரியும்?

இதோ வருகிறான் ஜெரால்டு. சீட்டு வேலாங்காட்டோடு முடிந்துவிட்டது, இனி வேறு வாங்கவேண்டும், அதற்குத்தான் வருகிறான். எங்கே போகவேண்டும் என்று என்னிடம் கேட்கிறான் சார். மரியாதையாகத்தான் கேட்கிறான். ஐயா என்றுகூடச் சொல்கிறான்.

இருப்பா, சொல்றேன். ஒரு நிமிஷம் இரு.

சார், இதற்கு அடுத்தது என்ன ஊர்?